வியட்நாமை மட்டும் படித்தால் பிழைக்க முடியுமா?

கடலூர் தம்பி, சர்வதேச உறவுகளில் எம்.ஏ. முடித்துவிட்டு, ஆய்வுக்கு வியட்நாமை மட்டும் எடுத்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுங்கள். ஆனால் மொழி தெரியாமல் இறங்காதீர்கள். அங்கே 'மா' என்ற ஒரே அசை, தொனி மாறினால் பேய், அம்மா, நாற்று என்று பொருள் மாறும். ஆங்கிலக் கட்டுரையை மட்டும் நம்பினால் தலைநகர் ஹனோயில் அரசு பேசுவதை அடுத்தவர் வாயால்தான் கேட்பீர்கள்.

உங்களுக்கு ஊரே ஒரு சொத்து. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரிக்காரர்கள் பலர் வியட்நாமின் சைகோன் நகரில் அரசு உத்தியோகம் பார்த்தார்கள். பழைய கடிதம், பென்ஷன் தாள் என்று யார் வீட்டுப் பீரோவில் என்ன கிடக்கிறதோ, கேட்டுப் பாருங்கள். டெல்லிக்காரருக்கு அது சுலபத்தில் கிடைக்காது. புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகமும் பஸ் ஏறினால் எட்டும் தூரம்தான். அப்படியே பிரெஞ்சும் கற்றுக்கொள்ளுங்கள்.

சரி, வேலை. விளம்பரத்தில் 'வியட்நாம் நிபுணர் தேவை' என்று அநேகமாக வராது. 'அரசியல் அறிவியல்' என்றுதான் வரும். அதனால் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வை முதலில் முடியுங்கள். அதிலேயே ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் உதவித்தொகையும் உண்டு. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான், சீனாவோடு வியட்நாமுக்கும் உள்ள தென்சீனக் கடல் தகராறு இரண்டையும் பாடம் நடத்தும் அளவுக்குத் தெரிந்துவைத்திருங்கள். நான் அதைச் செய்யாமல் இரண்டு நேர்காணலில் முழித்தேன்.