ஐப்பசி மழையில் மொட்டை மாடிக்கு டைல்ஸ்: கேள்வி பதில்

தாம்பரத்திலிருந்து: அண்ணே, மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மாடியில் போர்சலின் டைல்ஸ் ஒட்டலாமா, தை வரை பொறுக்கவா?

தளம் லேசாக ஈரமாக இருந்தால் பரவாயில்லை. காய்ந்த தளத்திலேயே நாங்கள் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுத்தான் பசை போடுவோம். தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது, அவ்வளவுதான். ஒட்டிய பிறகு அடிக்கிற மழைதான் ஆபத்து. இறுகாத பசையிலிருந்து சிமெண்ட் கரைந்து ஓடிவிடும். கம்பு நட்டு, காற்று போகிற உயரத்தில் தார்ப்பாய் கட்ட முடியாதென்றால் தைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கடலூரிலிருந்து: உள் ஈரத்தை எப்படிப் பார்ப்பது?

ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளைத் தளத்தில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ உள்ளே ஈரம் இருக்கிறது. மேலே உள்ள லேசான ஈரம் பசைக்குப் பரவாயில்லை, ஆனால் இந்த உள் ஈரத்தின்மேல் வாட்டர் ப்ரூஃபிங் பூச்சு அடித்தால் உப்பிக்கொள்ளும். புதுத் தளம் என்றால் 28 நாள் போகட்டும்.

விழுப்புரத்திலிருந்து: எங்கள் மேஸ்திரி சிமெண்ட் பால் ஊற்றியே ஒட்டலாம் என்கிறார். டைல்ஸை ஊறப்போடவும் சொல்கிறார்.

செராமிக் காலத்துப் பழக்கம் அது. செராமிக் தண்ணீரைக் குடிக்கும், சிமெண்ட் பாலையும் இழுத்துப் பிடிக்கும். போர்சலின் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. ஊறவைத்து என்ன பயன்? நானே என் வீட்டுப் போர்டிகோவில் சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டினவன்தான். இரண்டாவது கோடையில் நான்கு டைல்ஸ் கூரை மாதிரி எழும்பி நின்றன. தூக்கிப் பார்த்தால் பின்பக்கம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. பாலிமர் கலந்த, வெளிப்புறத்துக்கான சி2 வகைப் பசை வாங்குங்கள். டைல்ஸின் பின்னால் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும், சூளையில் ஒட்டாமலிருக்கப் பூசுவது. அதை ஈரத்துணியால் துடைக்காவிட்டால் எந்தப் பசையும் பிடிக்காது.

அவரே மறுபடியும்: ஐந்து இடத்தில் உருண்டை வைத்து ஒட்டினால் பசை மிச்சமாகுமே?

மிச்சமாகும். நடுவில் உள்ள பொந்தில் மழைநீர் போய் உட்கார்ந்துகொள்ளும், டைல்ஸ் டொக்கு டொக்கென்று சத்தம் போடும், ஓரமெல்லாம் வெள்ளையாக உப்பும் பூக்கும். பல் வைத்த கரண்டியால் தளத்தில் ஒரே திசையில் இழுத்து, டைல்ஸின் பின்னாலும் மெல்லிசாகப் பூசுங்கள். அவ்வப்போது ஒன்றைப் பெயர்த்துப் பாருங்கள், 95 சதவீதமாவது பசை படிந்திருக்க வேண்டும்.

வேலூரிலிருந்து: இடைவெளியே இல்லாமல் ஒட்டச் சொல்கிறார் வீட்டம்மா.

வேலூர் வெயிலுக்கா! 3 மில்லிமீட்டராவது விடுங்கள். கைப்பிடிச் சுவர் ஓரத்திலும் பத்தடிக்கு ஒரு வரிசையிலும் கிரவுட் (இடைவெளியை அடைக்கிற சிமெண்ட் கலவை) வேண்டாம், ரப்பர் போல நெகிழும் சீலண்ட் போடுங்கள். மற்ற இடத்துக்குக் கிரவுட், அதுவும் இந்த ஈரத்தில் இரண்டு நாள் கழித்து.

புதுச்சேரியிலிருந்து: தண்ணீர் ஒரு மூலையில் தேங்குகிறது. பசையைக் கனமாகப் போட்டு வாட்டம் எடுக்கலாமா?

கூடாது. முதலில் தளத்தில் 100க்கு 1 வாட்டம் எடுத்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அது ஓடின பிறகு டைல்ஸ் இறக்கினால் போதும்.