மலை இறங்கையில் பெடல் மெத்துன்னு போனா மாஸ்டர் சிலிண்டர்தானா?

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பிரேக் பெடல் மெத்துன்னு உள்ளே போச்சு, அரை மணி நேரம் நிறுத்தினதும் சரியாச்சு, ஒர்க்‌ஷாப்ல மாஸ்டர் சிலிண்டரை (பெடல் அழுத்தத்தை ஆயில் வழியா சக்கரங்களுக்கு அனுப்புற பாகம்) மாத்தணும்ங்கிறாங்க. இதானே உங்க பிரச்சினை? உடனே தலையாட்டிடாதீங்க. சூட்டில் வந்து ஆறினதும் போற கோளாறு பெரும்பாலும் பழைய பிரேக் ஆயிலோடது. அது ஈரத்தை இழுக்கும். டாட் 3ங்கிற தர வகை ஆயில் புதுசுல குறைஞ்சது 205 டிகிரி தாங்கும். ஈரம் ஏறினா 140 பக்கத்திலேயே கொதிச்சுக் குமிழி கட்டும். குமிழி அமுங்கும், பெடலும் கூடவே இறங்கும்.

சிலிண்டரைச் சோதிக்க, சமதளத்தில் இன்ஜின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தமா ஒரு நிமிஷம் பிடிங்க. அப்புறம் லேசா மிதிச்சும் பாருங்க, உள்ளே இருக்கிற சில ரப்பர் சீல் மெதுவா அழுத்தினாத்தான் ஆயிலை விடும். எங்கயும் ஒழுகாம பெடல் மட்டும் மெல்லத் தரைக்குப் போனா மெக்கானிக் சொன்னது சரி. அசையாம நின்னா, முதல்ல ஆயிலை முழுசா மாத்தி நாலு சக்கரத்திலும் காத்து எடுக்கச் சொல்லுங்க. ஒரு லிட்டர் போதும். எந்த டாட்னு வண்டியில இருக்கிற பிரேக் ஆயில் டப்பா மூடியிலேயே இருக்கும். பிரேக் பேடையும் கழட்டிக் காட்டச் சொல்லுங்க: 3 மி.மீ.க்குக் கீழே தேஞ்சிருந்தா மாத்தியே ஆகணும்.

அதுவரைக்கும் வண்டியை மலையில இறக்காதீங்க.