2006 ஜிப்ஸி: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

நண்பரே, பழைய மாருதி ஜிப்ஸி ஜீப் ஒன்றை வாங்கப் பார்ப்பதாகவும், 2006 மாடல், புதுப் பெயின்ட், நான்கு சக்கரமும் இழுப்பதைப் பற்றி "ஃபோர் வீல் சூப்பரா வேலை செய்யுது" என்று விற்பவர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புதுப் பெயின்ட்தான் உறுத்துகிறது; துருவை மறைக்கப் பூசியிருக்கலாம்.

முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள். பின் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களில் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸியைச் சின்னச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தையாகக் கேட்டால் உள்ளே துரு தின்றுவிட்டது. அடியில் பூசும் கறுப்பு அண்டர்கோட்டிங் புதிதாக இருந்தால் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள்; உள்ளே இறங்கினால் துருதான்.

அடுத்து முன் சக்கரங்களுக்கு உள்பக்கம் இருக்கும், சக்கரம் திரும்ப உதவும் நக்கிள் உருண்டையைப் பாருங்கள். மெல்லிய கிரீஸ் படலம் இருக்கலாம். எண்ணெயாக ஒழுகினால் எண்ணெயைத் தடுக்கும் ஆக்ஸில் சீல் போய், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலின் ஆயில் கிரீஸைக் கரைக்கிறது. ஜாக்கி போட்டு டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங்கோ வீல் பேரிங்கோ செலவு வைக்கும்.

ஃபோர் வீலைத் தார் ரோட்டில் சோதிக்காதீர்கள். முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாததால் திருப்பத்தில் இறுகிக்கொள்ளும். மண் தரையில், முன் சக்கரத்தை அச்சோடு இணைக்கும் ஃப்ரீவீல் ஹப் இருந்தால் பூட்டிவிட்டு, ஃபோர் வீலின் மெதுவான கியரான ஃபோர் லோவில் மேடேறுங்கள்; இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடுங்கள். ஃபோர் வீல் லீவர் நியூட்ரலுக்குத் தாவினால், முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்தாக வேண்டும். விலையில் அதைக் கழியுங்கள்.

15 வருஷம் தாண்டிய வண்டி என்பதால் ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பித்திருக்கிறதா என்றும், சேஸி எண் அதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.