பிறந்து 3 நாளான பிள்ளைக்கு இதய ஒப்பரேஷன் என்கிறார்கள், தப்புமா?

முல்லைத்தீவில் உங்கள் அக்காவின் பிள்ளைக்கு உடனே இதய ஒப்பரேஷன் வேண்டுமாம், தப்புமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. நாங்கள் கிளிநொச்சி. எங்கள் மகனுக்குப் பிறந்து 11ஆம் நாள் நெஞ்சைத் திறந்தார்கள். இப்போது நாலாம் ஆண்டு படிக்கிறான், சைக்கிள் ஓடுகிறான்.

ஆனால் அவனை வைத்து உங்கள் பிள்ளைக்குப் பதில் சொல்ல முடியாது. எந்தக் குறை என்று டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஊரில் எல்லாவற்றுக்கும் ‘இதயத்தில் ஓட்டை’ என்றுதான் சொல்வோம். சின்ன ஓட்டை என்றால் பல பிள்ளைகளுக்குத் தானாகவே மூடிவிடும். என் மகனுக்கு இதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெரிய இரத்தக்குழாய்களும் இடம் மாறியிருந்தன. அவற்றை மாற்றிப் பொருத்தும் சத்திரசிகிச்சை 1975இல் பிரேசிலில் முதன்முதலாக வெற்றியளித்தது. இன்று நல்ல நிலையங்களில் 100 பிள்ளைகளில் 95 பேருக்கு மேல் தப்புகிறார்கள். முதல் இரண்டு மூன்று கிழமைக்குள் செய்வது நல்லது, பிந்தினால் இதயத்தின் இடப்பக்கம் பலம் குறைந்துவிடும். அந்த இடப்பக்கமே சரியாக வளராத பிள்ளைகளுக்குப் பல கட்டமாகச் செய்வார்கள், ஆபத்தும் அதிகம்.

பிள்ளை எந்த நிலையில் ஒப்பரேஷனுக்குப் போய்ச் சேருகிறது என்பதும் பெரிய விஷயம். மகன் இரண்டாம் நாள் நீலம் பாரித்தபோது குளிர் என்றார்கள். இரவு டியூட்டி நேர்ஸ் ஒருவர்தான் காலில் கிளிப் போட்டு ஒட்சிசன் பார்த்தார். நூற்றுக்கு 70ஐத் தாண்டவில்லை. பிறந்த பிறகு மூடிப்போகும் ஒரு சின்னக் குழாயைத் திறந்தே வைத்திருக்க மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்தால் பிள்ளைக்கு மூச்சு நின்று போகவும் கூடும். அதனால் கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல், வழி முழுக்க, அம்புலன்ஸில் ஒரு டொக்டர் கூடவே இருந்தார். உங்கள் பிள்ளையை அனுப்பும்போதும் கூட யார் போகிறார்கள் என்று கேளுங்கள். நான் சிசேரியன் காயத்தோடு வார்டில் கிடந்தேன், என் கணவர்தான் கூடப் போனார்.

நான் போய்ப் பார்த்தபோது ஒப்பரேஷன் முடிந்திருந்தது, ஆனால் நெஞ்செலும்பை மூடவில்லை. வீக்கம் வற்றும்வரை சில பிள்ளைகளுக்கு அப்படித்தான் விடுவார்களாம். யாரும் முன்பே சொல்லாததால் கால் நடுங்கி அந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். அக்காவுக்கு இதை இப்போதே சொல்லிவையுங்கள். பாலையும் விடாமல் பிழிந்து எடுக்கட்டும். பிறகு குழாய் வழியாகக் கொடுக்கத் தேவைப்படும், விட்டால் வற்றிவிடும்.

நாங்கள் இன்றும் கிளினிக்குக்குப் போய் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கிறோம். நுரையீரலுக்குப் போகும் குழாய் தைத்த இடத்தில் ஒடுங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

குறையின் பெயர் தெரிந்ததும் இங்கே எழுதுங்கள் தம்பி, இரவென்றாலும் பார்ப்பேன்.