இலைகளை உலர்த்திச் சேமித்தல்: கேள்வி பதில்

கேள்வி: கறிவேப்பிலையை மொட்டை மாடியில் காய வைத்தேன். பழுப்பாகி, மணமும் போய்விட்டது. எங்கே தவறு?

பதில்: வெயிலில்தான். இலையின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருப்பதால், கடும் வெயில் ஈரத்தோடு அவற்றையும் போக்கி, பச்சையத்தையும் சிதைத்துவிடுகிறது. இலைகளை உருவி அலசி, பருத்தித் துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, மின்விசிறி ஓடும் அறையில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பினால், சில நாட்களில் பசுமை பெரிதும் மாறாமல் உலர்ந்துவிடும். ஆயினும் பச்சை இலையின் மணம் முழுதும் மிஞ்சாது. எனவே தாளிப்பதற்கு அன்றி, பொடி வகைகளுக்கே அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கொத்தமல்லித் தழை?

பதில்: உலர்த்த வேண்டாம்; வைக்கோல்தான் மிஞ்சும். நறுக்கிச் சிறிது தண்ணீருடன் ஐஸ் தட்டில் உறைய வையுங்கள். புதினாவோ உலர்ந்த பின்னும் மணக்கும்.

கேள்வி: வெந்தயக்கீரையை உலர்த்தினால் கசூரி மேத்தி ஆகுமா?

பதில்: அப்பெயர் இன்று பாகிஸ்தானில் உள்ள கசூர் என்னும் ஊரைச் சார்ந்தது. நம் சந்தைக் கீரையில் அதே மணம் வராவிட்டாலும், குருமாவுக்குக் குறையொன்றும் இராது. தண்டை நீக்கி உலர்த்தி, இறக்கும் முன் உள்ளங்கையில் கசக்கித் தூவுங்கள். பச்சைக் கீரை மூன்று கரண்டி என்றால், உலர்ந்தது ஒரு கரண்டி போதும்.

கேள்வி: ஐப்பசி மழையில் உலர்த்திய முருங்கைக்கீரைப் பொடி, மூன்று வாரத்தில் கட்டிதட்டிப் பூசணம் பிடித்துவிட்டது. வறுத்துப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. சில பூஞ்சைகள் உண்டாக்கும் நச்சு, வறுக்கும் சூட்டில் முற்றிலும் அழிவதில்லை, கொட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் இலை மொறுமொறுப்பாகி விட்டாலும் காம்பில் ஈரம் தங்கியிருக்கும். காம்பு வளையாமல் ஒடிகிறதா என்று பாருங்கள். பிறகு இலைகளைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி, ஓர் இரவு வையுங்கள். காலையில் உட்புறம் சிறிதேனும் வியர்த்திருந்தால் மீண்டும் பரப்ப வேண்டியதுதான். மொத்தமாகப் பொடித்து வைப்பதும் நம் வீடுகளில் வழக்கமான அவசரம். முழு இலையாக இருந்தால் மணம் நீடிக்கும்; மாதத்திற்கு வேண்டியதை மட்டும் அரைத்தால் போதும்.

கேள்வி: புட்டியை எங்கே வைப்பது?

பதில்: அடுப்புக்கு மேலுள்ள அலமாரி கைக்கு எட்டும், ஆனால் சூடும் நீராவியும் சேரும் இடம் அது. இருட்டான, வேறொரு தட்டில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்துக் குளிர் தணிந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையேல் காற்றின் ஈரம் உள்ளே படியும்.