ஷிராஸ் என்ற சிவப்பு வைனில் மிளகு வாசம் இல்லை, சாராய நெடிதான் என்றவருக்கு

பெரும்பாலும் சூடுதான் காரணம். லேபிளில் சொன்ன மிளகும் கறுப்புப் பழமும் வராமல் நெடி மட்டும் மூக்கில் ஏறினால், போத்தல் 30 பாகைக்கு மேல் இருந்திருக்கும். அந்தச் சூட்டில் மதுசாரம் முந்திக்கொள்ளும். 'அறை வெப்பநிலையில் பருகவும்' என்று எழுதியவர்கள் யாழ்ப்பாணத்துச் சித்திரையைக் கண்டதில்லை!

ஐஸ் போட்ட தண்ணீரில் போத்தலைக் கால் மணித்தியாலம் வையுங்கள். 16–18 பாகை போதும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, சுழற்றி மணந்து பாருங்கள். பக்கத்தில் நாலு மிளகை இடித்து வையுங்கள். இரண்டிலும் அந்த மணத்தைத் தருவது ரொட்டண்டோன் என்ற ஒரே பொருள். பழத்துக்கு பிளாக்பெரியைத் தேடாதீர்கள், கனிந்த நாவற்பழத்தை நினையுங்கள். நாக்கை இழுக்கும் துவர்ப்பும் கிட்டத்தட்ட அதேதான்.

ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ரொட்டண்டோன் மணக்கவே மணக்காது. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் அது தக்கைக் கோளாறு, குளிர வைத்தும் சரிவராது.