'அறைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்' என்று ரிசார்ட்டில் சொன்னால் உள்ளே என்ன நடக்கிறது?

கேள்வி: பெற்றோர், இரண்டு பிள்ளைகளுடன் மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் இரண்டு இரவு தங்கப் போகிறோம். சாப்பாடு, ஸ்பா, வண்டி எல்லாவற்றையும் அறைக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார்கள். இது எப்படி நடக்கிறது? பணத்தை எப்போது எடுப்பார்கள்? அந்தந்த இடத்திலேயே கொடுத்துவிடுவது நல்லதா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு ரிசார்ட்டின் வரவேற்பு மேசையில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் நான்கு ஆண்டுகள் இரவுக் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. ஹோட்டல்காரர்கள் அதை நைட் ஆடிட் என்பார்கள். ஊர் தூங்கும் நேரத்தில் ஒவ்வொரு அறையின் பேரிலும் அன்று விழுந்த செலவுகளைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. அந்தச் சீட்டுகளைப் பல்லாயிரக்கணக்கில் புரட்டியவன் என்பதால் சொல்கிறேன்: தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள், ஆனால் எதில் போடுகிறீர்கள் என்று ஒருமுறை படித்துவிட்டுப் போடுங்கள்.

அறைக் கணக்கு என்பது தெருமுனை மளிகைக் கடையில் வைத்திருந்த பற்று நோட்டு போன்றதுதான். வாங்கியதை எழுதிக்கொண்டே வருவார்கள், கடைசியில் மொத்தமாகத் தீர்ப்பீர்கள். மளிகைக் கடைக்காரருக்கு உங்கள் முகமும் வீடும் தெரியும். நூறு அறை கொண்ட ரிசார்ட்டில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பரிமாறுபவருக்கு உங்களை யாரென்று தெரியாது. அந்த அறிமுகத்தின் இடத்தில் மூன்று விஷயங்களை வைத்திருக்கிறார்கள்: அறை எண், பெயர், கையெழுத்து.

நீங்கள் போய் இறங்கியதும் ஒரு பதிவு அட்டையில் கையெழுத்து வாங்குவார்கள். அடையாள அட்டையின் நகல், வாடகை, கிளம்பும் தேதி எல்லாம் அதில் இருக்கும். 'தங்கியிருக்கும் காலத்தில் ஆகும் செலவுகளுக்கு நான் பொறுப்பு' என்ற வரியும் பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். அந்தக் கையெழுத்தில்தான் உங்கள் கணக்கு திறக்கிறது. அந்தக் கணக்குத் தாளுக்கு ஃபோலியோ என்று பெயர். கூடவே ஒரு முன்பணம் கேட்பார்கள். இணையத்தில் வாடகையை முழுதாகக் கட்டியிருந்தாலும் கேட்பார்கள். நீங்கள் கட்டியது அறைக்கு. சாப்பாட்டுக்கும் மற்றவற்றுக்கும் ஹோட்டலின் கையில் இன்னும் எதுவும் இல்லை.

முன்பணம் இரண்டு வகை. ரொக்கமாகவோ யுபிஐ மூலமாகவோ கொடுத்தால் ரசீது தருவார்கள், கடைசியில் கழித்துக்கொள்வார்கள். கிரெடிட் கார்டு கொடுத்தால் ப்ரீ ஆத்தரைசேஷன் என்று ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். எடுத்துக்காட்டாக, வாடகையை இன்னும் கட்டாதவருக்கு ஓர் இரவு வாடகை 9,000 ரூபாய் என்றால் 18 சதவீத வரியோடு 10,620. இரண்டு இரவுக்கு 21,240. அதன் மேல் சில்லறைச் செலவுக்கென்று நாளுக்கு மூவாயிரமோ ஐயாயிரமோ அந்த ரிசார்ட்டின் வழக்கப்படி சேர்ப்பார்கள். அந்தத் தொகை உங்கள் கார்டின் வரம்பில் குறையும், கடனாக ஏறாது. கிளம்பும்போது உண்மையான பில் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட வேண்டும்.

டெபிட் கார்டை இதற்குக் கொடுக்காதீர்கள். அதில் பூட்டப்படுவது உங்கள் சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணம். ஹோட்டல் விடுவித்த பிறகும் அது திரும்பி வரச் சில நாள் ஆகலாம். மாதக் கடைசியில் விடுமுறைக்கு வந்த ஒருவர், பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் மாட்டிக்கொண்டது என்று மூன்று நாள் தொடர்ந்து எனக்குத் தொலைபேசியில் பேசினார். எங்கள் பக்கம் எல்லாம் முடிந்திருந்தது, வங்கியில் நின்றது. அவருக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்னொன்று: கார்டில் தொகையைப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கடைசியில் யுபிஐயில் கட்டினால், பழைய ப்ரீ ஆத்தரைசேஷனை அங்கேயே ரத்துச் செய்யச் சொல்லி அதற்கான சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் பணம் இரண்டு இடத்தில் முடங்கும்.

முன்பணம் எதுவும் தராவிட்டால் உங்கள் அறைக்குக் கடன் வசதி மூடியிருக்கும். உணவகத்தில் பரிமாறுபவர் அறை எண்ணைத் தட்டியதும் கணினி மறுத்துவிடும், அங்கேயே பணம் கேட்பார்கள். அவர் உங்களை அவமதிப்பதாக எண்ண வேண்டாம். அதே போல், செலவு முன்பணத்தைத் தாண்டிய அறைகளின் பட்டியலை இரவுக் கணக்கில் எடுத்துக் காலையில் மேலாளரிடம் கொடுப்போம். 'இன்னும் கொஞ்சம் கட்ட முடியுமா' என்று உங்களுக்கு அழைப்பு வந்தால் அந்தப் பட்டியலில் உங்கள் அறை எண் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு ரிசார்ட்டுகளில் வேரூன்றியதற்கு எளிய காரணம், நீச்சல் உடையில் இருப்பவரிடம் பணப்பை இருக்காது. 1950இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் தொடங்கிய கிளப் மெட் விடுமுறை முகாம்களில், பின்னாளில் கழுத்தில் போட்டிருக்கும் மணிகளைக் கழற்றிக் கொடுத்துப் பானம் வாங்கும் வழக்கமே இருந்தது. ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 2013 முதல் மணிக்கட்டுப் பட்டையைக் கருவியில் தொட்டு, ரகசிய எண்ணை அழுத்தினால் செலவு அறைக் கணக்கில் ஏறுகிறது. நம் ஊரில் நான் வேலை பார்த்த இடத்தில் இன்னும் காகிதமும் பேனாவும்தான். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது வரும் தயக்கம் கையெழுத்துப் போடும்போது வருவதில்லை என்பதும் உண்மை. அது விருந்தாளிக்கு வசதி, ஹோட்டலுக்கு லாபம்.

உணவகத்தில் சாப்பிட்டு முடித்ததும் அறை எண்ணையும் பெயரையும் கேட்பார்கள். எண்ணைத் தட்டினால் அந்த அறையில் இருப்பவரின் பெயர் திரையில் வரும். நீங்கள் சொன்ன பெயரோடு அது பொருந்த வேண்டும். பிறகு பில்லை அச்சிட்டுக் கொண்டுவருவார்கள். அறை எண், பெயர், கையெழுத்து மூன்றையும் அதில் நீங்களே எழுத வேண்டும். அந்தச் சீட்டு இரவில் என் மேசைக்கு வரும். நடைமுறை இவ்வளவுதான். இதில் ஒரு படியைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு மறக்க முடியாத ஒரு காலை உண்டு.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மகன், மருமகள், பேரனோடு வந்திருந்தார். அறை எண் 214. மூன்றாம் நாள் கிளம்பும்போது கணக்குத் தாளை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். அவர்கள் வந்து இறங்கிய நாள் இரவு, நீச்சல் குளத்து மதுக்கூடத்தில் இரண்டு பில்கள். முகம் சுருங்கிவிட்டது. மகன் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். பெரியவர் குரலைத் தாழ்த்தி, "தம்பி, பணம் போனால் போகட்டும். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. மருமகள் இந்தத் தாளைப் பார்த்தால் என் மகனை என்ன நினைப்பாள்?" என்றார்.

உள்ளே போய் அந்த நாளின் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு கடையின் சீட்டுகளையும் தனித்தனி ரப்பர் வளையம் போட்டு அடுக்கியிருப்போம். மதுக்கூடக் கட்டில் அந்த இரண்டு சீட்டுகளும் இருந்தன. நீர் பட்டு மை கொஞ்சம் பரவியிருந்தது. அறை எண்ணைப் பரிமாறுபவரே அவசரத்தில் கிறுக்கியிருந்தார். பெயர் எழுத வேண்டிய இடம் காலி. கீழே ஆங்கிலத்தில் ஒரே சுழிப்பாக ஒரு கையெழுத்து. பெரியவரின் பதிவு அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் கரும்பலகையில் எழுதுவது போலத் தமிழில், முழுப் பெயர், புள்ளி எதுவும் விடுபடாமல். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. அந்தச் சுழிப்பு 241ஆம் அறைக்காரருடையது. அவர் முந்தின நாளே கிளம்பிப் போயிருந்தார்.

இரண்டு சீட்டுகளையும் பெரியவர் முன் வைத்து மன்னிப்புக் கேட்டு, இரண்டு வரிகளையும் நீக்கிப் புதிய தாள் அச்சிட்டுக் கொடுத்தேன். பழைய தாளை என் கண்முன் கிழித்துவிட்டுப் போனார். தவறு செய்த பையனுக்கு அந்தத் தொகையில் பாதியைச் சம்பளத்தில் பிடித்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. அன்று இரவு அந்தச் சீட்டுகள் என் கையிலும் வந்து போயிருந்தன. மொத்தத் தொகை பொருந்துகிறதா என்று பார்த்த நான் கையெழுத்தைப் பார்க்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது. அறை எண்ணையும் பெயரையும் நீங்களே தெளிவாக எழுதுங்கள் என்று வற்புறுத்துவது அதனால்தான். அது உங்கள் பணத்தைக் காப்பதோடு, அந்தப் பையனையும் காக்கும்.

கணக்குத் தாளைப் படிக்கும்போது சில இடங்களில் குழப்பம் வரும். நள்ளிரவு தாண்டி 12.40க்கு வாங்கிய காபி முந்தின நாள் தேதியில் இருக்கும். ஹோட்டலின் நாள் பன்னிரண்டு மணிக்கு மாறாது. இரவுக் கணக்கை முடித்தவுடன்தான் மாறும், எங்களிடம் அது அதிகாலை இரண்டு மணி வாக்கில். 'பெய்ட் அவுட்' என்று ஒரு வரி இருந்தால், வாடகை வண்டிக்காரருக்கோ மருந்துக் கடைக்கோ ஹோட்டல் உங்களுக்காக ரொக்கம் கொடுத்திருக்கிறது என்று பொருள். அதற்கும் உங்கள் கையெழுத்துள்ள சீட்டு இருக்க வேண்டும். வளாகத்துக்குள் வெளியார் வாடகைக்கு நடத்தும் கைவினைக் கடை போன்றவற்றில் அறைக் கணக்கு பெரும்பாலும் செல்லாது.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. உணவுக்கு, வாடகை 7,500ஐத் தாண்டும் வகை ஹோட்டல்களின் உணவகத்தில் 18, மற்றவற்றில் 5. சாப்பாட்டை அறைக் கணக்கில் எழுதினாலும் கையில் கொடுத்தாலும் வரி ஒன்றுதான். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வாட் வரி. அதனால் அது தனி பில்லாக இருக்கும். சேவைக் கட்டணம் என்று தானாகச் சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லலாம். அப்படிச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. பரிமாறியவர் நன்றாகக் கவனித்துக்கொண்டார் என்றால் அவர் கையில் கொடுங்கள். சீட்டில் டிப்ஸ் என்று காலி இடம் இருந்தால் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் பெற்றோருக்குத் தனி அறை எடுத்தால், இரண்டு அறைகளின் செலவும் ஒரே கணக்கில் வரட்டுமா, தனித்தனியா என்று வந்ததுமே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் ஐஸ்கிரீமுக்கு அறை எண்ணைச் சொல்லிக் கையெழுத்துப் போடுவதைப் பல இடங்களில் தடுக்க மாட்டார்கள். பெரியவர்கள் இன்னார் கையெழுத்து மட்டும் செல்லும் என்று வரவேற்பில் சொன்னால் கணினியில் குறிப்பு ஏற்றிவிடுவார்கள். அறையின் குளிர்பெட்டியையும் பிள்ளைகளுக்குக் காட்டி எச்சரியுங்கள். சில ஹோட்டல்களில் பாட்டிலை எடுத்து நகர்த்தினாலே பதிவாகும் கருவி உண்டு.

யாராவது கல்யாணத்துக்காக இதைப் படிக்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கடற்கரை ரிசார்ட் கல்யாணங்களில் அறை வாடகையைப் பெண் வீட்டார் ஏற்பார்கள். எதுவரை ஏற்கிறார்கள் என்று எழுத்தில் இருக்காது. இரண்டு நாளில் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஸ்பாவிலும் மதுக்கூடத்திலும் போட்ட கையெழுத்தெல்லாம் பெண்ணின் அப்பாவின் பெயரில் உள்ள பொதுக் கணக்கில் வந்து நிற்கும். மகளை வழியனுப்பிவிட்டுக் கலங்கிய கண்ணோடு வரும் மனிதரிடம் அந்தத் தாளை நீட்டுவது எனக்கு அந்த வேலையிலேயே பிடிக்காத நேரம். சம்பந்தி வீட்டாரிடம் அவர் எப்படிக் கேட்பார்? 'அறையும் கல்யாணச் சாப்பாடும் பொதுக் கணக்கில், மற்றவை அவரவர் கணக்கில்' என்று முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டால், ஒவ்வோர் அறைக்கும் இரண்டு கணக்காகப் பிரித்துவிடுவார்கள். அது எங்களுக்கு ஐந்து நிமிட வேலை.

அந்தந்த இடத்திலேயே கொடுப்பதா என்று கேட்டிருந்தீர்கள். டெபிட் கார்டு மட்டும்தான் இருக்கிறது என்றால் ஆம், யுபிஐயில் உடனுக்குடன் கட்டிவிடுங்கள். மற்றபடி அறைக் கணக்கே உங்களுக்கு நல்லது என்பது என் கருத்து. எல்லாம் ஒரே தாளில் வரும், தவறு இருந்தால் ஒரே இடத்தில் கேட்கலாம், கிளம்பும்வரை பணம் உங்களிடம் இருக்கும்.

தினமும் மாலையில் அதுவரையான கணக்குத் தாளைக் கேளுங்கள், இலவசமாக அச்சிட்டுத் தருவார்கள். கடைசி இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருமுறை போய் முழுத்தாளையும் படியுங்கள். காலை பத்து மணிக்கு வரவேற்பில் எல்லோரும் பெட்டியோடு நிற்பார்கள், சந்தேகம் கேட்டால் தொகையைக் கழித்து அனுப்பிவைக்கத்தான் பார்ப்பார்கள், அல்லது கட்டச் சொல்வார்கள். இரவில் கூட்டம் இருக்காது. சீட்டுப் பெட்டியைத் திறந்து, உங்கள் கையெழுத்தை எடுத்துக் காட்ட அங்கே இருப்பவருக்கு நேரம் இருக்கும்.